லினக்ஸுக்குச் சொந்தமாக ஷெட்யூலர் எழுதலாமா?

இறுதியாண்டு படிக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: “ஆபரேட்டிங் சிஸ்டம் பாடத்தில் ரவுண்ட் ராபின், பிரையாரிட்டி ஷெட்யூலிங் எல்லாம் படித்தோம். நானே ஒரு ஷெட்யூலர் எழுதி என் லேப்டாப்பில் உண்மையாகவே ஓட்டிப் பார்க்க முடியுமா? கெர்னலையே மாற்றிக் கம்பைல் செய்ய வேண்டுமா? தப்பு நடந்தால் மெஷின் தொங்கிவிடாதா? இதை பிராஜெக்டாக எடுக்கலாமா?”

முடியும். லினக்ஸின் மையமான கெர்னலுக்குள் இருந்துகொண்டு, எந்த வேலை எப்போது எந்த சிபியூவில் ஓடும் என்று முடிவுசெய்வதுதான் ஷெட்யூலர். சில வருடங்களுக்கு முன் கேட்டிருந்தால் வேறு தலைப்பு பாருங்கள் என்று சொல்லியிருப்பேன். இப்போது தாராளமாக எடுங்கள் என்கிறேன். 2024 நவம்பர் 17 அன்று வெளிவந்த லினக்ஸ் 6.12-இல் ஸ்கெட்-எக்ஸ்ட் என்ற வசதி சேர்ந்தது. கெர்னலைத் தொடாமல், ஒரு சின்ன பிபிஎஃப் நிரலாக (ஓடும் கெர்னலுக்குள் பாதுகாப்பாக ஏற்றக்கூடிய நிரல்) ஷெட்யூலரை எழுதி, ஓடிக்கொண்டிருக்கும் மெஷினில் ஏற்றலாம், பிடிக்கவில்லை என்றால் கன்ட்ரோல்-சி அடித்து இறக்கலாம். ரீபூட் தேவையில்லை.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாடப்புத்தகம் பெரும்பாலும் ஒரே சிபியூவை வைத்துக்கொண்டு ‘அடுத்து யாரை ஓட்டுவது’ என்று சொல்லித் தருகிறது. எழுத உட்கார்ந்தால் அந்தப் பகுதி ஒரு வார இறுதியில் முடிந்துவிடும். ‘எந்த சிபியூவில் ஓட்டுவது’ என்பதுதான் மாதக்கணக்கில் உங்களைப் படுத்தும். பிராஜெக்டின் நேரத்தை இதை மனதில் வைத்துப் பிரித்துக்கொள்ளுங்கள்.

இந்த வசதி எளிதில் வந்துவிடவில்லை. அந்தக் கதை கொஞ்சம் தெரிந்திருப்பது நல்லது. ஷெட்யூலரைக் கழற்றி மாட்டும்படி வைக்கலாம் என்ற யோசனை 2000-களின் நடுப்பகுதியிலேயே பிளக்ஸ்கெட் என்ற பேட்ச்சாக (கெர்னலின் மூல நிரலுக்கான திருத்தத் தொகுப்பாக) இருந்தது. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டொர்வால்ட்ஸும், ஷெட்யூலர் பகுதியைப் பராமரித்த இங்கோ மோல்னாரும் அதை ஏற்கவில்லை. ஆளுக்கொரு ஷெட்யூலர் என்று போனால் பொதுவான ஷெட்யூலரை யாரும் திருத்த மாட்டார்கள், எல்லோருக்கும் ஒன்றே இருந்து அது நன்றாக இருக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். அது வெறும் பிடிவாதம் இல்லை, நியாயமான கவலைதான். இதே காலத்தில் ஃப்ரீபிஎஸ்டி என்ற இன்னொரு ஆபரேட்டிங் சிஸ்டம், கெர்னலைக் கம்பைல் செய்யும்போது 4பிஎஸ்டி, யூஎல்இ என்ற இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க விட்டிருந்தது.

ஆஸ்திரேலியாவில் மயக்க மருந்து நிபுணராக வேலை பார்த்த கான் கொலிவாஸ், டெஸ்க்டாப்பில் மவுஸ் தடங்காமல் நகர வேண்டும், பாட்டு விட்டுவிட்டுக் கேட்கக் கூடாது என்ற அக்கறையோடு ஓய்வு நேரத்தில் ஷெட்யூலர் எழுதினார். கெர்னலுக்குள் போனது அவருடைய நிரல் இல்லை. அவருடைய ‘நியாயமான பங்கீடு’ என்ற எண்ணம் போனது. 2007-இல் 2.6.23 கெர்னலில் வந்த சிஎஃப்எஸ் ஷெட்யூலரை எழுதிய மோல்னார், அந்த எண்ணத்துக்கான பெருமையை கொலிவாஸுக்குக் கொடுத்தார். கொலிவாஸ் பின்னர் பிஎஃப்எஸ், மக்ஸ் என்று தனி பேட்ச்சுகளாகவே பல வருடம் வெளியிட்டார். அந்த உழைப்பை நினைத்தால் எனக்கு இன்றும் மரியாதையாக இருக்கிறது. ஒவ்வொரு கெர்னல் வெளியீட்டுக்கும் அவர் தன் பேட்ச்சைப் புதிதாகப் பொருத்த வேண்டியிருந்தது. இன்று அவர் தொடங்கியிருந்தால் ஸ்கெட்-எக்ஸ்ட் வழியாகப் போயிருக்க முடியும்.

சிஎஃப்எஸ்ஸின் இடத்துக்கு 2023-இல் 6.6 கெர்னலில் ஈஈவிடிஎஃப் என்ற ஷெட்யூலர் வந்தது. 1995-இல் அயான் ஸ்டொய்காவும் ஹுசைன் அப்தெல்-வஹாபும் எழுதிய ஆய்வுக் கட்டுரையை அடிப்படையாகக் கொண்டு ஷெட்யூலர் பராமரிப்பாளர் பீட்டர் ஜில்ஸ்ட்ரா செய்த வேலை அது. நீங்கள் ஒன்றும் ஏற்றாத வரை உங்கள் லேப்டாப்பில் ஓடுவதும் அதுதான். ஸ்கெட்-எக்ஸ்ட்டை மெட்டாவில் டேஜுன் ஹியோவும் டேவிட் வெர்னெட்டும், கூகுள்காரர்கள் சிலருடன் சேர்ந்து 2022 நவம்பரில் முதல் பேட்ச்சாக அனுப்பினார்கள். ஜில்ஸ்ட்ரா கடுமையாக எதிர்த்தார். இழுபறி 2024 ஜூனில்தான் முடிந்தது. லினஸ் நேரடியாகத் தலையிட்டு, சேர்க்கப்போகிறேன் என்று சொல்லிவிட்டார்.

சரி, உள்ளே எப்படி வேலை செய்கிறது?

கெர்னலில் டாஸ்க்குகள், அதாவது ஓட வேண்டிய புரோகிராம்களும் திரெட்டுகளும், வகுப்பு வகுப்பாக இருக்கின்றன. ரியல்டைம், டெட்லைன் வகுப்புகள் மேலே. அவற்றை நீங்கள் தொட முடியாது, தொடவும் வேண்டாம். சாதாரண டாஸ்க்குகள் எல்லாம், நீங்கள் ஷெட்யூலரை ஏற்றியவுடன், ஃபேர் வகுப்பிலிருந்து எக்ஸ்ட் வகுப்புக்கு மாறிவிடும். உங்கள் டெர்மினல், பிரவுசர், கெர்னலின் சாதாரண திரெட்டுகள் எல்லாமே அதில் அடக்கம். குறிப்பிட்ட சில டாஸ்க்குகள் மட்டும் மாறினால் போதும் என்றால் அதற்கும் ஒரு ஃபிளாக் உண்டு. முதல் வாரம் அதை வைத்துக்கொண்டு விளையாடுவது பத்திரம்.

நீங்கள் எழுதுவது ஒரு ஃபங்ஷன் தொகுப்பு. கட்டாயமாகக் கொடுக்க வேண்டியது ஷெட்யூலரின் பெயர் மட்டும்தான். மீதி எல்லாவற்றுக்கும் கெர்னலே ஒரு இயல்பான நடத்தை வைத்திருக்கிறது. நடைமுறையில் நீங்கள் எழுதப்போவது நான்கைந்து. ஒரு டாஸ்க் விழித்தெழும்போது ‘செலக்ட் சிபியூ’ கூப்பிடப்படும். பிறகு ‘என்கியூ’: டாஸ்க்கை எந்த வரிசையில் போடுவது? ஒரு சிபியூவுக்கு வேலை தீர்ந்துபோனால் ‘டிஸ்பாட்ச்’: எந்த வரிசையிலிருந்து எடுத்துக் கொடுப்பது? டாஸ்க் ஓடத் தொடங்கும்போது ‘ரன்னிங்’, நிற்கும்போது ‘ஸ்டாப்பிங்’. கணக்கு வழக்கு எல்லாம் இந்தக் கடைசி இரண்டில் நடக்கும்.

வரிசைகளுக்கு டிஎஸ்க்யூ என்று பெயர். ஒவ்வொரு சிபியூவுக்கும் ஒரு லோக்கல் வரிசை உண்டு. சிபியூ உண்மையில் எடுத்து ஓட்டுவது இதிலிருந்து மட்டும்தான். எல்லோருக்கும் பொதுவான குளோபல் வரிசை ஒன்று. அப்புறம் நீங்களே எத்தனை வேண்டுமானாலும் உருவாக்கிக்கொள்ளலாம். ஒரு நுணுக்கம்: முன்னுரிமைப்படி அடுக்க வேண்டுமென்றால் அது நீங்கள் உருவாக்கிய வரிசையாகத்தான் இருக்க வேண்டும். லோக்கலும் குளோபலும் வந்தவர் முதலில் என்ற முறைக்கு மட்டுமே. கெர்னல் சோர்ஸில் டூல்ஸ் அடைவில் இருக்கும் எஸ்சிஎக்ஸ்-சிம்பிள் என்ற மாதிரி ஷெட்யூலரைத் திறந்தால், அவர்கள் ஏன் தனியாக ஒரு பொது வரிசையை உருவாக்குகிறார்கள் என்று முதலில் குழப்பும். காரணம் இதுதான். அந்தக் கோப்பை ஒரு தடவை பேப்பரில் எழுதிப் பாருங்கள். மிகச் சின்னது, முழு ஷெட்யூலர்.

இப்போது ஒரு கணக்கு போடுவோம். எட்டு சிபியூ உள்ள மெஷின். ஒரு பக்கம் மேக் என்ற கருவி ஒரே நேரத்தில் 32 கம்பைல் வேலைகளோடு ஓடுகிறது, இன்னொரு பக்கம் ஒரு கேம். உங்கள் ஷெட்யூலர் எளிமையானது: ஒரே பொது வரிசை, வந்தவர் முதலில், ஒரு முறைக்கு ஓடக் கிடைக்கும் நேரமான டைம் ஸ்லைஸ் 20 மில்லி விநாடி. ஸ்கெட்-எக்ஸ்ட்டின் இயல்பான ஸ்லைஸ் அதுதான்.

கம்பைலர்கள் எட்டு ஓடுகின்றன, 24 வரிசையில் நிற்கின்றன. கேமின் திரெட் அடுத்த ஃபிரேமுக்காக விழிக்கிறது. அதற்குத் தேவை வெறும் 2 மில்லி விநாடி. ஆனால் வரிசையின் வாலில் போய் நிற்கிறது. 20 மில்லி விநாடிக்கு எட்டு பேர் வீதம் நகரும் வரிசையில் முன்னே 24 பேர். அதன் முறை வர ஏறத்தாழ 60 மில்லி விநாடி ஆகும். 60 ஃபிரேம் வேகத்தில் ஒரு ஃபிரேமுக்குக் கிடைப்பது 16.7 மில்லி விநாடிதான். ஒரு தடவை விழிப்பதற்குள் மூன்று ஃபிரேமுக்கு மேல் போய்விட்டது. சிபியூக்கள் எல்லாம் நூறு சதவீதம் வேலை செய்துகொண்டிருக்கின்றன, யாரும் ஏமாற்றப்படவில்லை. ஆனாலும் திரையில் படம் தடங்கித் தடங்கி வருகிறது.

ஸ்லைஸை 5 ஆகக் குறைத்தால் காத்திருப்பு 15 ஆகிவிடும். ஆனால் கம்பைலர்கள் நான்கு மடங்கு அடிக்கடி மாறும், சிபியூ தன் அருகில் வைத்திருக்கும் வேக நினைவகமான கேஷ் நான்கு மடங்கு அடிக்கடி கலையும். அதைவிட நல்ல வழி விர்ச்சுவல் டைம். ஒவ்வொரு டாஸ்க்கும் இதுவரை ஓடிய நேரத்தை அதன் வெயிட்டால் (முன்னுரிமையைக் குறிக்கும் எடையால்) சரிசெய்து குறித்துக்கொண்டு, குறைவாக ஓடியவரை முன்னால் நிறுத்துவது. ஸ்கெட்-எக்ஸ்ட்டில் சாதாரண வெயிட் 100. அந்த டாஸ்க் 20 மில்லி விநாடி ஓடினால் அதன் கணக்கில் 20 ஏறும். 200 வெயிட் உள்ள டாஸ்க் அதே அளவு ஓடினால் 10 மட்டும் ஏறும், அதனால் இரு மடங்கு நேரம் கிடைக்கும். எஸ்சிஎக்ஸ்-சிம்பிளில் இது ‘ஸ்டாப்பிங்’ ஃபங்ஷனில் ஒற்றை வரி. கேம் திரெட் கொஞ்சமாகத்தான் ஓடியிருக்கிறது, ஆகவே நேராக வரிசையின் தலைக்குப் போகும். எட்டு சிபியூக்களும் வெவ்வேறு நேரத்தில் காலியாவதால் சராசரியாக இரண்டரை மில்லி விநாடிக்கு ஒன்று காலியாகும். 60 போய் 2.5 ஆயிற்று.

இதில் ஒரு பொறி இருக்கிறது. ஒரு மணி நேரம் தூங்கிவிட்டு எழுந்த டாஸ்க்கின் கணக்கு அடிமட்டத்தில் இருக்கும். அப்படியே விட்டால் மற்றவர்களை எட்டும்வரை ஒரு சிபியூவை அது விடவே விடாது. குழாயடியில் ஒரு வாரம் வராமல் இருந்துவிட்டு, ஏழு நாள் தண்ணீரையும் சேர்த்து இன்றைக்கே பிடிக்கிறேன் என்று குடங்களோடு வந்து நிற்பது போல. அதனால் ‘என்கியூ’வில், தற்போதைய பொதுக் கணக்கிலிருந்து ஒரு ஸ்லைஸ் அளவுக்கு மேல் பின்தங்கியிருந்தால் அந்த இடத்துக்கு இழுத்துவிடுவார்கள். தூங்கியவருக்குச் சலுகை உண்டு, ஒரு ஸ்லைஸ் வரைதான். இந்த இரண்டு வரிகளை எடுத்துவிட்டு ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். வகுப்பில் நியாயப் பங்கீடு பற்றிப் படித்தது அப்போதுதான் மனதில் உட்காரும்.

இவ்வளவும் ‘யார்’ என்ற கேள்வி. இப்போது ‘எங்கே’.

மேலே சொன்ன ஒற்றைப் பொது வரிசை, எல்லா கோர்களும் ஒரே எல்3 கேஷைப் பகிரும் சின்ன மெஷினில் நன்றாகவே ஓடும். இரண்டு எல்3 உள்ள ரைசன் சிப்பிலோ, பல சாக்கெட் உள்ள சர்வரிலோ கதை மாறிவிடும். ஒரு திரெட் தன் டேட்டாவை முதல் எல்3-இல் சூடாக வைத்துவிட்டுக் கண நேரம் தூங்குகிறது. எழும்போது காலியாக இருப்பது இரண்டாவது எல்3-ஐச் சேர்ந்த ஒரு கோர். அங்கே உடனே ஓட்டலாம், ஆனால் எல்லாவற்றையும் மறுபடி இழுக்க வேண்டும். அல்லது பழைய கோருக்காகக் கொஞ்சம் காத்திருக்கலாம். எது லாபம்? அது அந்த டாஸ்க் எவ்வளவு டேட்டாவைத் தொடுகிறது என்பதைப் பொறுத்தது, உங்களுக்கோ அது தெரியாது. ஷெட்யூலர் எழுதுவதன் மொத்தக் கஷ்டமும் இந்த ‘தெரியாது’வில்தான் இருக்கிறது. இதோடு, ஒரு கோரின் இரண்டு ஹைப்பர்திரெட்டுகளில் (ஒரே கோர் இரண்டு சிபியூவாகத் தெரிவது) ஒன்று மட்டும் காலியாக இருந்தால் அதைக் காலி என்று எண்ணலாமா, பெரிய கோர், சின்ன கோர் கலந்த சிப்பில் யாரைச் சின்னதுக்கு அனுப்புவது என்று கேள்விகள் நீளும். 64 சிபியூவும் ஒரே வரிசையின் லாக்குக்காக மோதிக்கொள்வது தனிப் பிரச்சினை.

மற்றவர்கள் எழுதிய ஷெட்யூலர்களைப் படிக்கும்போது, இந்தத் ‘தெரியாது’வை ஒவ்வொருவரும் எப்படி ஈடுகட்டுகிறார்கள் என்று பாருங்கள். ரஸ்டி, எல்3 வாரியாக சிபியூக்களைப் பிரித்துக்கொள்கிறது. அவசர முடிவுகள் பிபிஎஃப்பில் நடக்கும், பிரிவுகளுக்கு இடையே லோடைச் சமப்படுத்தும் நிதானமான கணக்கை ரஸ்ட் மொழியில் எழுதிய, கெர்னலுக்கு வெளியே ஓடும் யூசர்ஸ்பேஸ் நிரல் செய்யும். மெட்டாவிலிருந்து வந்த லேயர்ட், ஊகிப்பதை விட்டுவிட்டு, எந்த வேலை எந்த அடுக்கு என்று நிர்வாகியையே விதியாக எழுதச் சொல்லிவிடுகிறது. எனக்கு மிகவும் பிடித்தது லாவ்ட். இகாலியா நிறுவனத்தின் சாங்வூ மின், ஸ்டீம் டெக் கேம் கருவியை மனதில் வைத்து எழுதியது. ஒரு டாஸ்க் எவ்வளவு அடிக்கடி மற்றவர்களை எழுப்புகிறது, எவ்வளவு அடிக்கடி மற்றவர்களுக்காகக் காத்திருக்கிறது என்று எண்ணுகிறது. இரண்டும் அதிகமென்றால் அந்த டாஸ்க் ஒரு சங்கிலியின் நடுக் கண்ணி என்று பொருள். அது தாமதித்தால் பின்னால் உள்ள எல்லாம் தாமதிக்கும். டாஸ்க்கின் பெயரைப் பார்க்காமல், யாரும் சொல்லிக் கொடுக்காமல், நடத்தையை வைத்தே முக்கியமானவரைக் கண்டுபிடிக்கிறது. முதல் தடவை அந்த நிரலைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி இன்னும் நினைவிருக்கிறது.

ஆண்ட்ரியா ரிகியின் ரஸ்ட்லேண்ட், ஷெட்யூலிங் முடிவையே யூசர்ஸ்பேஸுக்குக் கொண்டுவந்துவிட்டது. கெர்னலைக் கம்பைல் செய்துகொண்டே கேம் ஆடி அவர் காட்டிய டெமோதான் பலரையும் இந்தப் பக்கம் திருப்பியது. அதில் ஒரு அழகான சிக்கல் உண்டு: ஷெட்யூலரும் ஒரு டாஸ்க்தானே, அதை ஓட்டுவது யார்? அதை எப்போதும் பிபிஎஃப் பகுதி கவனித்துக்கொள்ளும். இன்னொன்று, முடிவெடுக்கும் நடுவில் அந்த நிரலுக்கே பேஜ் ஃபால்ட் (தொட்ட பக்கம் நினைவகத்தில் தயாராக இல்லாத நிலை) வந்தால்? அதைத் தீர்க்க வேண்டிய கெர்னல் திரெட், இதே நிரலின் முடிவுக்காகக் காத்திருக்கலாம். அதனால் நினைவகத்தை முன்கூட்டியே பிடித்துப் பூட்டி, அதற்கென்று தனி அலோகேட்டர் வைத்திருக்கிறார்.

இப்போது உங்கள் பயத்துக்கு வருகிறேன். மெஷின் தொங்குமா?

காவல் மூன்று இருக்கிறது. முதலாவது பிபிஎஃப் வெரிஃபையர். தவறான நினைவகத்தைத் தொடும் நிரல், முடிவே இல்லாத லூப் எல்லாம் ஏறவே ஏறாது. ஆனால் ஒரு டாஸ்க்கை வரிசையில் போட்டுவிட்டு மறந்துபோனால் வெரிஃபையருக்குத் தெரியாது. அதற்கு வாட்ச்டாக் இருக்கிறது: ஓடத் தயாராக இருக்கும் ஒரு டாஸ்க் 30 விநாடிக்குள் ஓடவில்லை என்றால் கெர்னல் உங்கள் ஷெட்யூலரைத் தூக்கி எறிந்துவிட்டு எல்லோரையும் பழைய ஃபேர் வகுப்புக்குத் திருப்பிவிடும். அந்த 30-ஐக் குறைக்கலாம், கூட்ட முடியாது. மூன்றாவது நீங்கள்: திரை உறைந்துபோனால் ஆல்ட், சிஸ்ஆர்க்யூ விசைகளோடு பெரிய எழுத்து எஸ் (ஷிஃப்ட்டோடு) அழுத்தினால் உடனே ஷெட்யூலர் இறங்கிவிடும்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். நான் எழுதிய முதல் ஷெட்யூலரில் இரண்டு வரிசைகள். அடிக்கடி தூங்கி எழுபவர்களுக்கு ஒன்று, முழு ஸ்லைஸும் தின்பவர்களுக்கு ஒன்று. டிஸ்பாட்ச்சில், முதல் வரிசையில் ஆள் இருந்தால் அதிலிருந்து எடு, இல்லையென்றால் இரண்டாவதைப் பார் என்று எழுதினேன். கம்பைல், பிரவுசர், வீடியோ எல்லாம் அருமையாக ஓடியது. இரண்டு நாள் சந்தோஷமாக இருந்தேன். பிறகு ஹேக்பெஞ்ச் ஓட்டினேன். நூற்றுக்கணக்கான டாஸ்க்குகள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பி ஓயாமல் எழுப்பிக்கொள்ளும் சோதனை அது. முதல் வரிசை ஒருபோதும் காலியாகவே இல்லை. பக்கத்து டெர்மினலில் ஓடிக்கொண்டிருந்த கம்பைல் அப்படியே நின்றுவிட்டது. அரை நிமிடம் கழித்துத் தானாக எல்லாம் சரியானது. கெர்னலின் பதிவான டிமெசேஜில் பார்த்தால், ‘ரன்னபிள் டாஸ்க் ஸ்டால்’ என்று காரணம் எழுதி என் ஷெட்யூலர் நீக்கப்பட்டிருந்தது, கூடவே எந்த டாஸ்க் எவ்வளவு நேரம் காத்திருந்தது என்ற விவரமும். பாடத்தில் ஸ்டார்வேஷன் என்று இரண்டு மதிப்பெண் கேள்விக்குப் படித்ததை அன்றுதான் கண்ணால் பார்த்தேன். திருத்தம் சின்னது: முதல் வரிசையிலிருந்து குறிப்பிட்ட எண்ணிக்கை எடுத்ததும் இரண்டாவதிலிருந்து கட்டாயம் ஒன்று.

இன்னொரு தப்பு எல்லோரும் செய்வது. டாஸ்க்குக்கு அனுமதி இல்லாத சிபியூவின் லோக்கல் வரிசையில் அதைப் போடுவது. சில டாஸ்க்குகள் குறிப்பிட்ட சிபியூக்களில் மட்டும் ஓடும்படி கட்டப்பட்டிருக்கும், ஒவ்வொரு சிபியூவுக்கும் ஒன்றாக இருக்கும் கெர்னல் திரெட்டுகள் அப்படித்தான். அதைக் கவனிக்காமல் அனுப்பினால் உடனே எரர், வெளியேற்றம்.

எழுதத் தொடங்கும்போது விர்ட்மீ-என்ஜி என்ற கருவியைப் பயன்படுத்துங்கள். ரிகி பராமரிப்பதுதான். புதிதாகக் கட்டிய கெர்னலை ஒரு விர்ச்சுவல் மெஷினில் சில விநாடிகளில் பூட் செய்துவிடும், உங்கள் ஃபைல்கள் அங்கேயே தெரியும். நேரடியாக லேப்டாப்பில் ஓட்டுவதென்றால் கேச்சிஓஎஸ் மாதிரி இந்த ஷெட்யூலர்களைத் தயாராகவே தரும் விநியோகம் வசதி. சிஸ் அடைவில் கெர்னலுக்குக் கீழே ஸ்கெட்-எக்ஸ்ட் என்ற பெயரில் ஒரு அடைவு இருந்தால் உங்கள் கெர்னலில் வசதி இருக்கிறது. அதற்குள் ஸ்டேட் என்ற கோப்பு, இப்போது ஏதாவது ஏறியிருக்கிறதா என்று சொல்லும். பழைய கட்டுரைகளைப் பார்த்து எழுதினால் ஒன்றைக் கவனியுங்கள்: 6.13-இல் முக்கியமான ஃபங்ஷன்களின் பெயர்கள் மாறின. டாஸ்க்கை வரிசையில் போட நீங்கள் கூப்பிடும் கெர்னல் ஃபங்ஷன் முன்பு ‘டிஸ்பாட்ச்’, இப்போது ‘டிஎஸ்க்யூ இன்சர்ட்’; மேலே சொன்ன, நீங்கள் எழுதும் ‘டிஸ்பாட்ச்’ அப்படியே இருக்கிறது. இந்த இடைமுகம் கெர்னலுக்குக் கெர்னல் மாறலாம் என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள்.

அளப்பது பற்றி. மொத்த நேரத்தை மட்டும் அளக்காதீர்கள். கம்பைல் முடிய எத்தனை நிமிடம் என்று பார்த்தால் பெரும்பாலும் ஈஈவிடிஎஃப்போடு கிட்டத்தட்ட சமமாகத்தான் வரும். அது பல பேர் பல வருடம் இழைத்த ஷெட்யூலர். காத்திருப்பை அளக்க வேண்டும். பெர்ஃப் ஸ்கெட் நல்ல கருவி. அதற்கும் முன்னால், ப்ராக் அடைவில் டாஸ்க்கின் எண்ணுக்குள் ஸ்கெட்ஸ்டாட் என்று ஒரு கோப்பு இருக்கிறது, திறந்து பாருங்கள். மூன்றே எண்கள்: சிபியூவில் ஓடிய நேரம், ஓடத் தயாராக இருந்தும் வரிசையில் நின்ற நேரம், எத்தனை தடவை ஓடியது. முதல் இரண்டும் நானோ விநாடியில். இரண்டாவதை மூன்றாவதால் வகுத்தால் ஒரு தடவைக்குச் சராசரிக் காத்திருப்பு. பல திரெட் உள்ள புரோகிராமில் இந்தக் கோப்பு முதன்மைத் திரெட்டைப் பற்றி மட்டும்தான் சொல்லும், மற்றவற்றுக்கு டாஸ்க் துணை அடைவுக்குள் போக வேண்டும். சராசரியோடு நிற்காமல் மிக மோசமான ஒரு சதவீதத்தையும் பாருங்கள். படம் தடங்குவது அங்கேதான் தெரியும்.

பிராஜெக்டாக எடுக்கலாமா என்று கேட்டீர்கள். ‘லினக்ஸைவிடச் சிறந்த ஷெட்யூலர்’ என்று தலைப்பு வைக்காதீர்கள், வைவாவில் மாட்டிக்கொள்வீர்கள். ஒரே ஒரு வேலையைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் லேபில் மாடல் டிரெயினிங் ஓடும்போது அதே மெஷினில் எடிட்டர் தடங்குகிறது என்றால் அதுவே போதும். முதல் மாதம் எஸ்சிஎக்ஸ்-சிம்பிளை மாற்றி மாற்றி ஓட்டுங்கள். இரண்டாவது மாதம் எல்3 வாரியாக வரிசைகளைப் பிரியுங்கள். லேபில் உள்ள மெஷினில் ஒரே எல்3தான் என்றால் ஹைப்பர்திரெட் ஜோடிகளை வைத்துச் செய்யுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன்னும் பின்னும் அந்த எடிட்டர் திரெட்டின் ஸ்கெட்ஸ்டாட் எண்களைக் குறித்து வையுங்கள். ரிப்போர்ட்டில் போட வேண்டிய அட்டவணை அதுதான். வாட்ச்டாக் உங்களை வெளியே தள்ளிய டிமெசேஜ் பதிவுகளையும் அழிக்காமல் வைத்திருங்கள், ஒரு அத்தியாயமே அவற்றிலிருந்து எழுதலாம்.